அவகிட்டச் சொல்லு

அத்தியாயம் பதினொன்று

காலை நிகழ்ச்சி நடத்துகிறவளுக்குக் கோபமே வராது என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. போனில் யார் என்ன கத்தினாலும், “சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே ரேடியோவைத் திருகுகிறவர்கள் உண்டு.

அதே வார்த்தையை வீட்டில் அவள் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அந்த வீட்டுச் சங்கதியை முதலிலிருந்து தொடர்ந்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: போன கோடையில் மூன்று தெருக்களுக்குக் குழாயில் தண்ணீர் வராமல் போனது. தண்ணீர்க் குழுவுக்குத் தலைவர் அவளுடைய பெரியப்பா. நேயர்கள் போனில் வந்து அந்த மனிதரைத் துவைத்துக் காயப் போட்டார்கள். விளம்பர இடைவேளையில் அப்பா நிலையத்துக்கே போன் செய்தார்.

“லைனைக் கட் பண்ணு. அவர் உன் பெரியப்பா.”

“நேயர் பேசிட்டிருக்கார்ப்பா. பாதியில கட் பண்ண முடியாது.”

பெரியப்பா பதவியை இழந்தார். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா அறிவித்தார், மகளைப் பார்த்து அல்ல, மனைவியைப் பார்த்து. “குடும்ப மானத்தை மைக்குல வச்சு ஏலம் விட்டவளோட எனக்கு இனிமே பேச்சில்ல. ஏதாவது இருந்தா உன்கிட்டச் சொல்றேன். நீ அவகிட்டச் சொல்லு.”

மகளுக்கும் அதே ரத்தம். “எனக்கும் அப்படித்தான்னு அவர்கிட்டச் சொல்லிடும்மா.”

அன்று முதல் அந்த வீட்டில், ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழே, “அவகிட்டச் சொல்லு, தண்ணி மோட்டாரை ஆஃப் பண்ணணும்னு” என்று ஒரு குரலும், “ஆஃப் பண்ணிட்டேன்னு அவர்கிட்டச் சொல்லும்மா” என்று இன்னொரு குரலும் கேட்டன. நடுவில் கரண்டியும் கையுமாக அம்மா.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. வீட்டில் மகளின் முகத்தைப் பார்க்காத அந்த மனிதர், தினமும் காலையில் அவளுடைய நிகழ்ச்சிக்குப் போன் செய்தார். முதல் தடவை, அண்ணன் என்று சொல்லாமல் அண்ணனுக்காக வாதாடத்தான் கூப்பிட்டார். பிறகு பழகிவிட்டது. பணிக்காலம் முழுவதும் நீதிமன்றத்தில் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, வழக்குகளைக் கூப்பிட்டு, காகிதக் கட்டுகளை எடுத்து நீட்டியவர். தீர்ப்புச் சொல்லும் வாய் எப்போதும் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வாய் அவருக்கே வாய்த்தது. பஸ் கட்டணமா, பக்கத்து வீட்டு நாயா, எதுவானாலும் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு, “இது என் தீர்ப்பு” என்று முடிப்பார். சொன்னதை ஒருநாளும் மாற்றியதில்லை. நேயர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தீர்ப்பு ஐயா’.

காற்றில், ஊர் கேட்க, அவர் அவளைத் ‘தொகுப்பாளர் அம்மா’ என்பார். அவள் அவரை ‘ஐயா’ என்பாள். அப்பனும் மகளும் ஒரு நாளில் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் இருவரும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

இன்றைய நாளும் அப்படித்தான் தொடங்கியது.

முதல் பாதியில் ஊர் விவகாரம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தைத் தூக்கி எங்கேயோ வைத்துவிட்டார்கள். டாக்சி ஓட்டுகிற ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். “யாரும்மா மாத்தினது? அந்த ஆபீசர் அட்ரஸ் மட்டும் குடுங்க. நானே ஏத்திக்கிட்டுப் போறேன், காசு வேண்டாம். புது ஸ்டாப்புல இறக்கி விடறேன். கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து வரட்டும்.”

“கட்டு எதுக்குங்க?”

“அதுக்கும் நான் ஏற்பாடு பண்றேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிக்கை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வரும் அழைப்புகளை முதலில் எடுத்து, குடித்திருக்கிறார்களா, திட்டப் போகிறார்களா என்று பார்த்து உள்ளே அனுப்புவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர்.

இரண்டாம் பாதிக்குத் தலைப்பு, ‘வீட்டில் உங்கள் பேச்சை யார் கேட்கிறார்கள்?’

முதலில் ஒரு தையல்காரர். “என் பேச்சை நாய் மட்டும்தான் கேக்குதும்மா. அதுவும் கையில பிஸ்கட் இருந்தா.”

சிரித்துக்கொண்டே அவள் அடுத்த இணைப்பைத் திறந்தாள். “வணக்கம், சொல்லுங்க.”

“ஹலோ… கேக்குதா? கேக்குதா?”

மேஜை மேல் அவள் கை அப்படியே நின்றது. போனை எடுத்தால் இரண்டு முறை ‘கேக்குதா’ என்று கேட்காமல் பேச்சைத் தொடங்காத ஒரே ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். குரலுக்குப் பின்னால் துவைக்கும் கல்லில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் பின்னால், தூரத்தில், கொஞ்சம் தாமதித்து அவளுடைய குரலே திரும்பி வந்தது. ஹாலில் அப்பாவின் ரேடியோ.

“கேக்குதும்மா.”

“பேர் சொல்லணுமா?”

“உங்க விருப்பம்மா.”

“அப்போ வேண்டாம். வீட்டுலயும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. ‘இந்தா’, ‘ஏய்’, ‘அங்க யாரு’. அதுவே பழகிடுச்சு.”

“ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கிறீங்களா?” எல்லா நேயரிடமும் கேட்பது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“அதை நான் தொடக் கூடாதும்மா. அது வீட்டுப் பெரியவரோட ரேடியோ.”

தணிக்கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நல்ல நேயர் என்று அர்த்தம். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“உங்க வீட்டுல உங்க பேச்சை யாரு கேக்கறாங்கம்மா?”

“எனக்கு ஏதும்மா பேச்சு? எங்க வீட்டுல ரெண்டு பேருக்குச் சண்டை. யாரு, எதுக்குன்னு சொல்ல மாட்டேன், அது வீட்டு மானம். ரெண்டு பேருக்கும் ரோஷம். அந்த ரோஷத்துக்கு நடுவுல நான் ஒரு ஒயரு. இங்க சொல்றதை அங்க கொண்டு போகணும், அங்க சொல்றதை இங்க கொண்டு வரணும். போய்ச் சொல்லு, போய்ச் சொல்லுன்னு சொல்றாங்களே, எனக்கும் சொல்றதுக்கு ஏதாவது இருக்குமான்னு ஒரு நாள் கேட்டிருப்பாங்களா?”

அம்மா இப்படித் தொடர்ந்து பேசி மகளே கேட்டதில்லை. வீட்டில் அம்மாவின் பேச்சு ‘சரி’யில் தொடங்கி ‘சரி’யில் முடியும். இது வேறு குரல். அடியில் நெருப்பு இருந்தது.

“எனக்கு ஒரு வேலை வந்திருக்கும்மா. பொண்ணுங்க ஹாஸ்டல்ல வார்டன். அங்கயே தங்கணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்து சேர முடியுமான்னு கேக்கறாங்க. வீட்டுல சொன்னேன். ஒருத்தர்கிட்டச் சொன்னேன், மோட்டார் ஓடுது பாருன்னு பதில் வந்தது. இன்னொருத்தர்கிட்டச் சொன்னேன், காதுல மாட்டின ஒயரைக்கூடக் கழட்டல. அப்புறம் பேசலாம்னு கையை ஆட்டியாச்சு. அந்த அப்புறம் வரவே இல்ல.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. போன ஞாயிற்றுக்கிழமை. தன்னுடைய நிகழ்ச்சியைத் தானே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் வந்து நின்று என்னவோ சொன்னாள். இவள் கையை ஆட்டினாள்.

விரல் தன்னாலேயே மேஜையில் இருந்த தள்ளுகோலுக்குப் போனது. அதைக் கீழே இழுத்தால் போதும். குரல் போய் விளம்பரம் வந்துவிடும். ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. ஊர் நம்பும்.

பெரியப்பாவைத் திட்டியவர்களைக் கட் பண்ணாதவள், தன்னைத் திட்டுகிறவளைக் கட் பண்ணினால் அவள் யார்?

விரலை எடுத்துக்கொண்டாள்.

“நான் இப்ப யார்கிட்டயும் உத்தரவு கேக்கல,” என்றாள் அம்மா. “ஊரைக் கேக்கறேன். நான் போகலாமா, கூடாதா? கேட்டுச் சொல்லுங்க. நீங்க நல்லாக் கேக்கறீங்கம்மா. உங்களை மாதிரி ஒருத்தி எங்க வீட்டுல இருந்திருந்தா நான் எதுக்குப் போன் பண்ணப் போறேன்?”

இணைப்பு போய்விட்டது. காற்றில் ஒரு வெற்றிடம். ரேடியோவில் மௌனம் என்பது குற்றம். அந்தக் குற்றத்தை அவள் முதல் முறையாகச் செய்தாள்.

“தங்கச்சி!” தணிக்கையின் குரல் காதுக்குள் வெடித்தது. “பாட்டைப் போடு, பாட்டைப் போடு!”

பாட்டு ஓடியது. “போர்டு மொத்தமும் எரியுது. ஒரு லைன் காலி இல்ல. முதல்ல யாரு தெரியுமா? தீர்ப்பு!”

“அவர் வேண்டாம்ண்ணே.”

“என்ன விளையாடறியா? ஊரே அவர் என்ன சொல்றார்னு காத்துக்கிட்டிருக்கு. நீதானே சொல்லுவ, வரிசையில முதல்ல வந்தவங்கதான் முதல்லன்னு?”

அவளுடைய விதிகள் எல்லாம் இன்று அவளையே சுற்றி வளைத்து நின்றன. சரி, வரட்டும். மனைவியின் குரலைக் கேட்டுக் கொதித்துப் போய்க் கூப்பிட்டிருப்பார். காற்றிலேயே கத்தட்டும். குட்டு உடையட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இணைப்பைத் திறந்தாள்.

“வணக்கம் தொகுப்பாளர் அம்மா. இன்னைக்கு நான் ரொம்பக் கோபத்துல இருக்கேன்.”

“சொல்லுங்க ஐயா.”

“அந்த அம்மா பேசினதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதிக்குது. இந்த மாதிரிக் கேஸ் நான் எத்தனை பார்த்திருக்கேன்! சந்தேகமே வேண்டாம், இது அண்ணன் தம்பி சண்டை. சொத்துத் தகராறு. ரெண்டு தடிப்பசங்க. நடுவுல அந்த அப்பாவி அம்மா. கோர்ட்டுலகூட சம்மன் கொண்டு போறவனுக்குச் சம்பளம் உண்டும்மா!”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

இவருக்குக் குரல் தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு போட்டவளின் குரல் தெரியவில்லை.

“ஐயா, அவசரப்பட வேண்டாமே. அந்த ரெண்டு பேர் பக்கமும் என்ன நியாயமோ…”

“நியாயமா? ஒரு மனுஷி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வந்து சொல்றா. ஒருத்தன் மோட்டாரைப் பாருங்கறான். இன்னொருத்தன் காதுல ஒயரை மாட்டிக்கிட்டுக் கையை ஆட்டறான். இவனுங்களுக்கு நியாயம் வேறயா? நீங்க என்ன, அவனுங்களுக்கு வக்கீலா?”

“இல்லீங்க ஐயா. ஒரு வீடு உடையற விஷயம், அதனால…”

“உடையட்டும்! அவனவன் சோத்தை அவனவன் பொங்கித் தின்னட்டும், அப்பத் தெரியும். அந்த அம்மா பொட்டியைக் கட்டட்டும். இன்னைக்கே கிளம்பட்டும். எவனாவது தடுத்தா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன். இது என் தீர்ப்பு.”

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தையல்காரர்கூட மறுபடி கூப்பிட்டு, நாயை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

நிகழ்ச்சி முடிந்து அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிக்கை இன்னும் போனில் தீர்ப்போடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்க அவள் நிற்கவில்லை.

பஸ்ஸிலும் அதே பேச்சு. “அந்த ரெண்டு பயல்களையும் நிக்க வச்சுச் செருப்பால அடிக்கணும்,” என்றாள் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி. “தீர்ப்பு ஐயா வீட்டுப் பொம்பளை குடுத்து வச்சவ,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “நீயும் கேட்டியாம்மா?”

வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். தலையை மட்டும் ஆட்டினாள். இடம் மாறிப்போன நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் முழுத் தெருவையும் நடந்து கடந்தாள். கோபம் யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அப்பா மேலா? ஊருக்கு முன்னால் கேட்ட அம்மா மேலா? ஒவ்வொரு அடிக்கும் ஆள் மாறியது. தன் முறை வந்தபோது நடையை இன்னும் வேகமாக்கினாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவின் குரல் கேட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள் அறையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். தீர்ப்புச் சொன்ன நாட்களில் அவருக்கு முதுகு இன்னும் கொஞ்சம் நேராகிவிடும்.

“நீ கேட்டிருக்கணும். எங்க, நீதான் துவைக்கப் போயிட்டியே. ஒரு அம்மா பேசினா பாரு! என்ன தெளிவு, என்ன ரோஷம்! பொம்பளைன்னா அப்படி இருக்கணும்.”

“அப்படியா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் அம்மா.

“போடான்னு சொல்லிட்டுக் கிளம்பு தாயேன்னு சொல்லிட்டேன். ஊரே கை தட்டுது.” நிழலைப் பார்த்து மகள் வந்ததைக் கண்டுகொண்டார். கண்ணைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். “வந்தாச்சா? அவகிட்டச் சொல்லு, அந்தத் தடியன்களுக்கு வக்காலத்து வாங்கினது பெரிய தப்புன்னு.”

அம்மா வெளியே வந்தாள். வெளியூர் கிளம்பும்போது உடுத்தும் சேலை. கையில் பெட்டி.

“நீங்களே சொல்லிக்குங்க. நான் கிளம்பறேன்.”

“எங்க?”

“நீங்க போகச் சொன்ன இடத்துக்கு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. மனைவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். “அது… அண்ணன் தம்பி…”

“இந்த வீட்டுல எத்தனை அண்ணன் தம்பி இருக்காங்க? எண்ணிச் சொல்லுங்க.”

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “வீட்டு விஷயத்தை முச்சந்தியில கொண்டு போய்க் கொட்டினியா? அவ ஒருத்தி மானத்தை வாங்கினது போதாதா? நீயுமா?”

“மானமா?” அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். வைத்த விதத்தில் தரை அதிர்ந்தது. “நான் பேர் சொன்னேனா? ஊர் சொன்னேனா? உங்களைப் புருஷன்னாவது சொன்னேனா? வீட்டுப் பெரியவர்னு சொன்னேன். அதுலகூட மரியாதை குறைக்கல. உங்க குரல் ஊருக்கே தெரியுது. என் குரல் உங்களுக்குத் தெரியல. மானம் எங்க போச்சுன்னு நீங்களே எடை போட்டுப் பாருங்க, அதுதானே உங்க தொழில்!”

“அதெல்லாம் முடியாது. நீ போகக் கூடாது!”

“தீர்ப்பை மாத்தறீங்களா?”

அவர் குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

சொன்ன சொல்லை மாற்றுவது அந்த மனிதருக்குச் சட்டையில்லாமல் தெருவில் நடப்பது போல. பெரியப்பாவுக்காக அவர் மகளோடு பேசாமல் இருப்பதும் அதனால்தான். கோபம் எப்போதோ பாதி ஆறிப் போயிருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. சரியோ தப்போ, அது ஒன்றைத்தான் அவர் தன் வாழ்நாளில் சம்பாதித்து வைத்திருந்தார்.

மகள் முன்னால் வந்தாள். “அம்மா, என்கிட்டயாவது…”

“சொன்னேன். ஒயரு மாட்டியிருந்த.”

“உரக்கச் சொல்லியிருக்கலாமே!”

“உரக்கத்தானே இன்னைக்குச் சொன்னேன்?” அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பாதியில கட் பண்ணிடுவியோன்னு பயந்துக்கிட்டே பேசினேன். பண்ணல. அதுக்கு மட்டும் உன்மேல மரியாதை. மத்ததுக்கெல்லாம் கோபம்தான். அது அவ்வளவு சீக்கிரம் ஆறாது.”

அப்பா குனிந்து பெட்டியை எடுத்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. முகம் சிவந்திருந்தது, தாடை துடித்தது, ஆனால் முதுகு வளையவில்லை. முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தார்.

எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “எங்க, வெளியூரா?”

“வேலைக்குப் போறா,” என்றார் அப்பா, தெரு முழுக்கக் கேட்கும்படி. “ஹாஸ்டல் வார்டன். அவங்களே கூப்பிட்டிருக்காங்க.”

அம்மா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் குறைந்தது என்று சொல்ல முடியாது. பெட்டியை வாங்கிக்கொண்டாள், வரச் சொல்லியிருந்த டாக்சியில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

அவள் சமைத்தாள். தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அவர் அவள் போகும்வரை காத்திருந்து வந்து சாப்பிட்டார். உப்பு இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. அப்படியே சாப்பிட்டார். சாயங்காலம் அவர் மோட்டாரைப் போட்டார். போட்டவர் மறந்து போனார், ஏனென்றால் போடுவது மட்டுமே அவர் வேலையாக இருந்தது. தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் அறையில் இருந்தபடி கேட்டாள். அவர் நாற்காலியில் இருந்தபடி கேட்டார். மூன்று தெருக்காரர்கள் குடத்தோடு நின்றதால் ஆரம்பித்த சண்டை இது. அந்தத் தண்ணீர்தான் இப்போது வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, வழக்கமான குரலில், “அவகிட்டச் சொல்லு, மோட்டாரை…” என்று தொடங்கினார்.

அடுப்பங்கரையில் யாரும் இல்லை.

எதிர்ப்பக்கத்து வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஓடிப் போய் மோட்டாரை நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தம் அடங்கிய வீட்டில் அவளுடைய போன் அடித்தது.

“தங்கச்சி, காலையில சொல்றதுக்குள்ள ஓடிட்ட,” என்றார் தணிக்கை. “நாளைக்குச் சிறப்பு நிகழ்ச்சி. மேனேஜர் குதிக்கிறார். தீர்ப்பு ஐயா நேர்ல ஸ்டுடியோவுக்கே வரேன்னு ஒத்துக்கிட்டார், நிகழ்ச்சி முடிஞ்சதுமே கேட்டு வாங்கிட்டேன். அந்த அம்மாவும் இப்பத்தான் ஹாஸ்டல்லேருந்து சரின்னாங்க. ஒரே மேஜை. மூணு மைக். நடுவுல நீ! ஆமா, அந்த அம்மா நம்பர் எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கு. உனக்குத் தெரியுமா?”

“நேயர் யாருன்னு நாம கேக்கறதில்லண்ணே,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

“யாரு போன்ல?”

திரும்பிப் பார்த்தாள். அப்பாதான். சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் கேள்விக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை.

“ஸ்டேஷன்லேருந்து. நாளைக்கு வரேன்னு சொன்னீங்களாமே.”

“சொன்னேன். சொன்னா வருவேன்.”

“அவங்களும் வராங்க.”

அவர் தாடை ஒரு முறை அசைந்தது. ரேடியோவின் குமிழைப் பிடித்து, அது ஓடாமல் இருந்தும், ஒரு முறை திருகி அணைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த வெள்ளைச் சட்டையை எங்க வச்சிருக்கான்னு அவகிட்டக் கேளு.”

அவளுக்குள் காலையிலிருந்து ஆள் மாறி ஆள் மாறி அலைந்த கோபம், அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது. அம்மா போய்ச் சேர்ந்து விளக்குக்கூட ஏற்றியிருக்க மாட்டாள். அதற்குள் அடுத்த ஒயர் தயார்.

“முடியாது,” என்றாள். மைக் முன்னால் யாரும் கேட்டிராத குரல் அது. “நீங்களே கேளுங்க.”

அம்மாவின் எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் திணித்தாள். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்குள் மறுபக்கம் எடுத்துவிட்டார்கள். யார் எண் என்று பார்த்து எடுக்கிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை.

“ஹலோ… கேக்குதா? கேக்குதா?”

தீர்ப்பு ஐயா போனைக் காதில் வைத்தார். இப்போது அந்தக் குரல் அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

“யாரு பேசறது?” என்றது குரல். “ஹலோ, யாருங்க? பேரைச் சொல்லுங்க.”